எல்லாமே குளவி இல்ல

“குளவிக் கொட்டுக்கு இலக்காகிய பத்துப் பெண் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி.” இந்தத் தலைப்பை நீங்களும் எத்தனையோ தடவை வாசித்திருப்பீர்கள். பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளை, கொஸ்லந்தை என்று ஊர்ப் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும். மற்றதெல்லாம் அச்சுப் பிசகாமல் அப்படியே இருக்கும். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மரத்தில் இருந்த குளவிக்கூடு கலைந்தது. கழுகொன்று மோதியதாம், இல்லாவிட்டால் காற்றாம். சிலர் வார்டில், சிலர் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில். சில வேளை ஒருவர் இறந்துபோயிருப்பார், அதற்கு ஒரு வரி கூடுதலாக இருக்கும்.

இந்தச் செய்திகளை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரு கேள்வி ஓடும். எந்தக் குளவி?

கேட்டால் சிலர் சிரிப்பார்கள். கொட்டின பிறகு எதுவா இருந்தா என்ன தம்பி, கடுக்கிறது கடுக்கத்தானே செய்யும் என்பார்கள். அது நியாயமான பேச்சுத்தான். ஆனால் நாங்கள் அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நாங்கள் பதுளை மாவட்டத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த ஒரு சின்னக் கூட்டம். ஒருத்தி கம்பஸில் படிக்கிறாள், ஒருவன் டவுனில் போன் கடையில் நிற்கிறான், ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான், இரண்டு பேர் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார்கள். லீவு நாளில் மலையேறி, கண்ணில் படுகிற பூச்சியைப் போனில் படமெடுத்து, அது என்ன இனம் என்று தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் பைத்தியம். முதலில் எல்லோரையும் போலத்தான் நாங்களும் பொன்வண்டு, கும்பிடுபூச்சி, குச்சியென்று நினைத்துத் தொட்டால் நடந்துபோகிற குச்சிப்பூச்சி, இரவில் லயத்து பல்புக்கு வந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும் பெரிய அந்துப்பூச்சி என்று எடுத்துக்கொண்டிருந்தோம். அழகான படம், நல்ல லைக். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, யாருமே படமெடுக்காத ஒரு பூச்சியின் பக்கம் திரும்பிவிட்டோம்.

யாரும் ஏன் எடுப்பதில்லை என்றால், கொட்டு வாங்கிக்கொண்டு ஓடுகிறவர் போனை நீட்டி போகஸ் பண்ணிக்கொண்டிருக்க முடியாது. படம் இல்லாமல் இனம் காண வேண்டும். அதனால் எங்கள் வேலை கெமராவை விட்டுவிட்டு, லயத்து வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேள்வி கேட்பதாக மாறியது.

என்ன கேட்போம்? முதலில் கூடு. “பெரியம்மா, கூட்டக் கண்டீங்களா, எப்பிடி இருந்திச்சு?” சிலர் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, முறம் மாதிரித் தொங்கினது, கறுப்பா, மேலெல்லாம் பூச்சியே மூடியிருந்தது என்பார்கள். சிலர் பானை மாதிரி, சாம்பல் நிறம், கடதாசி சுத்தின மாதிரி, ஒரு ஓட்டை மட்டும் இருந்தது என்பார்கள். இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும். முறம் போலத் திறந்து தொங்குவது மலைத்தேனீயின் அடை. கடதாசிப் பானை மரப்பட்டையை மென்று கூடு கட்டுகிற பெருங்குளவியுடையது. தேனீ மெழுகில்தான் கட்டும், குளவிக்கு மெழுகு கிடையாது.

அடுத்தது கொடுக்கு. உடம்பில் கொடுக்கு தைத்துக்கொண்டு நின்றதா, பிடுங்கி எடுத்தார்களா? தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய பற்கள் இருக்கின்றன. மனிதத் தோலில் ஏறினால் திரும்ப வராது. நச்சுப் பையோடு சேர்ந்து அங்கேயே அறுந்து நின்றுவிடும், தேனீ செத்துப்போகும். குளவியின் கொடுக்கு வழவழப்பானது. கொட்டும், எடுக்கும், மறுபடி கொட்டும். வார்டில் அம்மாவின் கழுத்திலிருந்து நாற்பது கொடுக்கு எடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், செய்தியில் என்ன போட்டிருந்தாலும் சரி, அது குளவி இல்லை, தேனீ.

மூன்றாவது கேள்வியைக் கேட்டால் எல்லோரும் எங்களை விநோதமாகப் பார்ப்பார்கள். ஏதாவது வாசம் அடித்ததா? ஒரு அம்மாயி, எண்பதுக்குக் கிட்ட வயது, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “வாழப்பழ வாசம்யா. யாரோ பழுத்த பழத்த நசுக்குன மாதிரி. எனக்கே வெளங்கல, மலையில ஏது வாழப்பழம்னு.” நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தேனீ கொட்டும்போது கொடுக்கோடு சேர்த்து ஒரு அபாய மணத்தையும் விட்டுவிட்டுப் போகும். மற்றத் தேனீக்களுக்கு அது, இந்த இடத்தில்தான் எதிரி, வந்து கொட்டு என்ற அழைப்பு. அதில் முக்கியமாக இருக்கும் வேதிப்பொருள் வாழைப்பழத்தின் மணத்தைத் தருகிற அதே பொருள்தான். அம்மாயி பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. எங்களுக்குக் கிடைத்த மிகத் துல்லியமான வாக்குமூலம் அவருடையது.

இப்படிக் கேட்டுக் கேட்டு எழுதியதில் எங்களுக்குத் தெரியவந்தது இதுதான்: “குளவிக் கொட்டு” என்று எங்களிடம் சொல்லப்பட்ட, ஒரே நேரத்தில் பல பேர் விழுந்த பெரிய சம்பவங்களில் அதிகமானவை மலைத்தேனீயின் வேலை. ஒருவர் இருவர் மட்டும் கொட்டு வாங்கியவற்றில் குளவி கூட. நாங்கள் போய்வந்த சில தோட்டங்களை வைத்துச் சொல்கிறோம், மாவட்டத்துக்கே கணக்குச் சொல்லவில்லை.

மலைத்தேனீயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது சாதாரணப் பிராணி இல்லை. ஏபிஸ் டோர்சாட்டா என்பது விஞ்ஞானப் பெயர். பொந்துக்குள்ளோ பெட்டிக்குள்ளோ இருக்காது. உயர்ந்த மரக்கிளையில், பாறை விளிம்பில், தண்ணீர்த் தாங்கியின் அடியில், பெரிய கட்டடத்தின் கூரை ஓரத்தில் ஒரே ஒரு அடையைத் தொங்கவிடும். ஒரு மீற்றர் அகலம்கூட வரும். அதன் மேல் ஆயிரக்கணக்கான தேனீக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு திரை மாதிரித் தொங்கும். சுவரும் அதுகள்தான், கதவும் அதுகள்தான். பெருங்குளவி கிட்ட வந்தால் அந்தத் திரையில் ஒரு அலை ஓடும். தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றைத் தூக்கித் தூக்கிக் காட்டும், பார்த்தால் கூடே மூச்சு விடுவது போல இருக்கும். இந்த அலை குளவியை விரட்டுகிறது என்பதைப் படம்பிடித்து 2008இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கி, நல்ல தூரத்தில் நின்று நாங்களும் பார்த்தோம். பயமும் இருந்தது, பார்த்து முடியவும் இல்லை. நிலா வெளிச்சத்திலும் பறக்கக்கூடிய தேனீ இது. இரவில் வாசல் பல்பைச் சுற்றிவிட்டுக் காலையில் கீழே செத்துக் கிடக்கிற “குளவி”யைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். (குச்சியால் எடுங்கள். செத்த தேனீயின் கொடுக்கும் ஏறும்.)

செய்தியில் வருகிற அந்தக் கழுகையும் விட்டுவிடக் கூடாது. அதுவும் ஆள் மாறித்தான் வருகிறது. வேண்டுமென்றே போய் மலைத்தேனீயின் அடையைப் பிய்க்கிற பறவை தேன்பருந்து. அதன் சாப்பாடே தேனீ, குளவிக் கூடுகளில் உள்ள புழுக்கள்தான். தற்செயலாக மோதுவதில்லை. பசிக்காக வந்து பிடுங்கிவிட்டுப் போய்விடும், கீழே நிற்பவர்கள்தான் அகப்பட்டுக்கொள்வார்கள்.

பெருங்குளவி வேறு ஆள். கறுப்பு உடம்பு, வயிற்றில் ஒரேயொரு அகலமான மஞ்சள் பட்டை. இலங்கையில் இப்படிப் பட்டையுள்ளது இரண்டு இனம் உண்டு, வெஸ்பா ட்ரொபிக்கா, வெஸ்பா அஃபினிஸ். முதலாவது பெரியது, மற்றச் சின்னக் குளவிகளின் கூட்டைக் கொள்ளையடித்துப் புழுக்களைத் தூக்கிக்கொண்டு போகும். அநேகமாக மரப்பொந்தில், மண்ணுக்குள் கட்டும். இரண்டாவது கிளையில், புதரில், கூரையில் கடதாசிப் பானை கட்டும். கவ்வாத்து வெட்டும்போதும் கான் துப்புரவு செய்யும்போதும் கத்தி போய்ப் படுவது இவற்றில்தான். அதன் கொட்டு ஒன்றிரண்டே ஆளைச் சாய்த்துவிட்ட கதைகள் உண்டு. ஒவ்வாமை உள்ள உடம்புக்கு ஒரே கொட்டு போதும், மூச்சு அடைத்துவிடும். தேனீயும் அப்படித்தான். அதற்கு உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும், மஞ்சளோ சுண்ணாம்போ உதவாது.

இனி, இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்விக்கு வருவோம்.

தேனீ என்றால், கொடுக்கு தோலில் நிற்கிற ஒவ்வொரு விநாடியும் நஞ்சு ஏறிக்கொண்டிருக்கிறது. நகத்தாலோ, விரலாலோ, எப்படியாவது உடனே எடுக்க வேண்டும். கிள்ளக் கூடாது, வழிக்கத்தான் வேண்டும் என்று வாதாடிக்கொண்டிருப்பதில் போகிற நேரம்தான் நஷ்டம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம் என்று சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த இடத்தை விட்டு ஓட வேண்டும், ஏனென்றால் அந்த வாசம் உடம்பில் இருக்கும்வரை மற்றத் தேனீக்கள் தேடி வரும். கொட்டுப்பட்டவரைச் சுற்றி எல்லோரும் கூடி நின்றால் எல்லோருக்கும் விழும். எங்கள் பெண்கள் அப்படித்தான் விழுகிறார்கள். ஒருத்தி அலற, பக்கத்து நிரையிலிருந்தவள் ஓடிவந்து முந்தானையால் மூட, அவளை இழுக்க இன்னொருத்தி வர. பத்துப் பேர், பதினைந்து பேர் என்று செய்தியில் வருகிற எண்ணிக்கைக்குப் பின்னால் இதுவும் இருக்கிறது. இடுப்பில் கட்டிய படங்கும் முதுகில் கூடையுமாகச் சரிவில் ஓடுவதும் லேசில்லை.

தேனீ என்று தெரிந்தால் இன்னொன்றும் செய்யலாம். எங்களுக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். மலைத்தேனீ வருடம் முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. காலத்துக்குக் காலம் இடம் பெயரும். நிக்கோலாஸ் கொனிகர், குட்ரூன் கொனிகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் தம்பதியினர் இந்த இடப்பெயர்வை இலங்கையிலேயே ஆராய்ந்து 1980இல் எழுதினார்கள். மலைநாட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் இடையில் அவை போய்வருகின்றன. அதைவிட, போன வருடம் கட்டிய அதே மரத்துக்கு, சில வேளை அதே கிளைக்கே மறுபடி வருகின்றன. அப்படியானால் “திடீரென்று கலைந்த குளவி” என்று சொல்வதில் அர்த்தமில்லை. எந்த மரம் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்த மாதம் என்றும் கொஞ்சம் கவனித்தால் தெரியும். பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது, இன்றைக்கு அந்த மரத்துக்குக் கீழே நிரை போட வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு விஞ்ஞானியும் தேவையில்லை. நோட்டுப் புத்தகம் ஒன்று போதும்.

நாங்கள் அந்த நோட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம். மரம் என்ன, எந்த மலை, எந்தப் பக்கக் கிளை, அடை எத்தனை, என்றைக்குக் கண்டோம், என்றைக்குக் காலியானது. டர்பன்டைன் என்று நாங்கள் சொல்கிற யூக்கலிப்டஸ் மரங்கள்தான் எங்கள் பட்டியலில் அதிகம். ஒரு தோட்டத்தில் கங்காணி ஐயா ஒருவர் அதை வாங்கித் தன் கைப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார். இன்னொரு தோட்டத்தில் காட்டியபோது, இதெல்லாம் எழுதிக் கொடுத்தா பிறகு தெரிஞ்சிருந்தும் ஏன் அனுப்பினன்னு கேப்பாங்க என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பெயர் சொல்ல விரும்பவில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயம். பொதுவாகக் “குளவி” என்று இருக்கும்வரை அது விதி, இயற்கை, யாரும் எதிர்பார்க்காத விபத்து. மூன்று வருடமாக ஓகஸ்ட் மாதத்தில் அதே கிளைக்கு வருகிற மலைத்தேனீ என்று எழுதிவிட்டால், அது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலையாகிவிடுகிறது.

எங்கள் தோட்டத்துப் பேச்சில் “பேர்” என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு. முழுப்பேர், அரைப்பேர். காலை பத்து மணிக்குக் கொட்டு வாங்கிக் கொழுந்து லொறியில் வைத்தியசாலைக்குப் போன ஒருவருக்கு அன்றைக்கு அரைப்பேர் போட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று எங்களில் யாருக்கும் பேச வரவில்லை. வேலையின்போதும் வேலை காரணமாகவும் ஏற்படும் விபத்துக்கு நட்டஈடு என்று 1934ஆம் ஆண்டிலிருந்தே நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. லயத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று அடுத்த முறை போகும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இங்கே எங்களுக்குள் ஒரு சண்டை இருப்பதை மறைக்கவில்லை. எங்களில் ஒருவனின் அம்மா ஐந்து நாள் வார்டில் கிடந்தவர். அவனுக்குக் கேள்வியே இல்லை: “ராத்திரியில பந்தத்தப் புடிச்சி எல்லாத்தையும் கொளுத்தணும்.” இன்னொருத்தி, தேனீ போனால் காட்டு மரம் காய்க்காது, கொளுத்தினாலும் அடுத்த வருடம் வேறு கூட்டம் அதே மரத்துக்குத்தான் வரும் என்று பதில் சொல்வாள். நாங்கள் இதே மாவட்டத்தின் இன்னொரு மூலையை நினைத்துக்கொள்வதுண்டு. மஹியங்கனைக்கு அப்பால் தம்பானையில், வேடர் சமூகத்தின் மூதாதையர் பாறையில் கொடி கட்டி இறங்கித் தேன் எடுத்தது இதே தேனீயிடமிருந்துதான். அங்கே அது தேன், இங்கே அது குளவி. ஆனால் இதைச் சொல்லி அந்தப் பையனின் வாயை அடைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தேன் எடுக்கிறவர் தானாக விரும்பிப் பாறையில் இறங்குகிறார், புகை பிடித்துக்கொண்டு, காலம் பார்த்து. அவனுடைய அம்மாவை அந்த மரத்தடிக்கு வேறு யாரோ அனுப்பினார்கள். மரத்தையும் விட்டு, தேனீயையும் விட்டு, ஆட்களை அந்தக் கொஞ்ச வாரம் தள்ளி வைக்கலாம் என்பதில்தான் இருவரும் இப்போதைக்கு ஒத்துப்போகிறார்கள்.

பேச்சு மொழியைப் பற்றி ஒரு விஷயம். சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மலைத்தேனீ பம்பரா, பெருங்குளவி தெபரா. பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன்களிடம் கேட்டால் ஒரு நொடியில் பிரித்துச் சொல்வார்கள். தமிழில் சொல் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறது. மலைத்தேனீ, பெருந்தேனீ, கொசுத்தேனீ எல்லாம் பழக்கத்தில் உள்ள சொற்கள். தமிழ்நாட்டில் தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் பெருங்குளவியைக் கதண்டு என்பார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் பலர் புறப்பட்ட ஊர்கள்தான் அவை. அங்கேயிருந்து மாரியம்மனையும் காமன் கூத்தையும் கொண்டுவந்தவர்கள் கதண்டை எங்கே விட்டார்கள் என்று தெரியவில்லை. சில முதியவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் மலர்ந்து, எங்கப்பா சொல்லுவாரு என்கிறார்கள். பத்திரிகைக்குத்தான் எல்லாம் குளவி.

உண்மையான குளவிக்கும் ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். கொட்டக் கொட்டப் புழு குளவியாகும் என்று ஒரு பழைய பேச்சு நம்மிடம் உண்டு. வேட்டைக்குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைத்துவிட்டுப் போகும், கொஞ்ச நாளில் அதிலிருந்து குளவி வெளிவரும். பார்த்தவர்கள் புழுவே குளவியாக மாறிவிட்டது என்று நினைத்தார்கள். உள்ளே நடப்பது வேறு. குளவி புழுவைக் கொட்டி மரத்துப்போகச் செய்து, முட்டையும் இட்டுவிடுகிறது. பிறக்கும் குளவிக்குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்கிறது. சாமியார்க் கதைக்கு அழகாக இருக்காது, ஆனால் தேயிலைக்கு இதனால் பெரிய உபகாரம் நடந்திருக்கிறது.

தேயிலை இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளேயிருந்து தின்னும் ஒரு புழு இருக்கிறது. ஆங்கிலத்தில் டீ டோர்ட்ரிக்ஸ். அதற்கு 1861இல் பெயர் வைத்தவர் நீட்னர் என்ற ஜெர்மன்காரர், கோப்பிக் காலத்துத் தோட்டக்காரர். தேயிலை வந்த பிறகு இந்தப் புழு தோட்டம் தோட்டமாக இலையைத் தின்றது. 1935-36இல் ஜாவாவிலிருந்து மெக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்ற ஒரு மெல்லிய சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது இந்தப் புழுவுக்குள் முட்டையிட்டது, புழு அடங்கியது. பிறகு 1950, 60களில், தண்டைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தபோது இந்தக் குளவியும் சேர்ந்து செத்தது. அடங்கியிருந்த புழு மறுபடி கிளம்பியது. உலகம் முழுக்கப் பூச்சியியல் பாடத்தில் சொல்லப்படும் கதை இது. நம்முடைய மலைகளில் நடந்தது. நம்மை யாரும் கொட்டாத, சம்பளமும் கேட்காத இந்தக் குளவியை நாங்கள் இன்னும் படமெடுக்கவில்லை. சுருண்ட இலைகளைப் பறித்துப் போத்தலில் போட்டு, வாயில் துணி கட்டிக் காத்திருக்கிறோம்.

அந்தத் தண்டு துளைக்கும் வண்டின் கதை இன்னும் தூரம் போகிறது. எள்ளளவுதான் இருக்கும், இரண்டு மில்லிமீற்றர். தேயிலைக் கிளையில் சின்னத் துளை போட்டு உள்ளே போய், தானே ஒரு பூஞ்சணத்தை விதைத்து, அதை மேய்ந்து வாழும். ஒரு வகையில் அதுவும் தோட்டக்காரன்தான். துளை விழுந்த கிளை, கொழுந்து பறிக்கிற கை படும்போதே முறியும். 1868இல் ஐக்ஹோஃப் என்பவர் இலங்கையிலிருந்து போன ஒரு வண்டை வைத்து இதற்குப் பெயர் வைத்தார். 2012இல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் அவகாடோ மரங்கள் சாவதற்குக் காரணமான வண்டைப் பார்த்து, இது தேயிலை வண்டுதான் என்றார்கள். பார்வைக்கு அப்படியே இருந்தது. டி.என்.ஏ.யைப் பார்த்தபோது இனம் வேறு. 2017இல் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மரிட்ஸ்பர்க் தாவரவியல் தோட்டத்து மரங்களில் அதே வண்டை ட்ரூடி பாப் என்ற ஆய்வாளர் கண்டார். அதற்குப் பிறகு ஜொஹன்னஸ்பர்க், ஜோர்ஜ், நைஸ்னா என்று ஊர் ஊராகத் தெரு மரங்கள் பட்டுப்போயின. (1860இலிருந்து எங்களைப் போலவே கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கிற ஊர்தான் பீட்டர்மரிட்ஸ்பர்க். அவர்களுக்குக் கரும்பு, எங்களுக்கு முதலில் கோப்பி, பிறகு தேயிலை.) 2019இல்தான் முடிச்சு அவிழ்ந்தது. தொலைந்துபோனதாக நினைத்திருந்த ஐக்ஹோஃபின் அந்தப் பழைய இலங்கை வண்டு கிடைத்தது. அளந்து பார்த்தால், 1868ஆம் ஆண்டுப் பெயர் தென்னாப்பிரிக்காவில் மரத்தைக் கொல்கிற வண்டுக்கே சேர்ந்தது. ஒரே பெயரில் கிடந்த கூட்டம் நான்கு இனங்களாகப் பிரிந்தது.

எள்ளளவு வண்டு ஒன்றின் சரியான பெயருக்காக மூன்று கண்டத்து ஆட்கள் நூற்றைம்பது வருடத்துப் பழைய ஊசியில் குத்திய உடலைத் தேடிப் போயிருக்கிறார்கள். தேவையான வேலை, நாங்கள் குறை சொல்லவில்லை. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது, பசறையில் அதன் கிளை இருக்கிறது, தேயிலையைத் தின்கிற பூச்சி எது என்று கேட்டால் பதில் வரும். தேயிலை பறிக்கிறவரைக் கொட்டுகிற பூச்சி எது என்று கேட்டால் இன்னமும் “குளவி” என்று ஒரு சொல்தான் வருகிறது. எங்களுக்குப் பொறுக்காதது அது மட்டும்தான்.

நீங்களும் சேர விரும்பினால், கூட்டுக்குக் கிட்டப் போகாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற செயலி போனில் இலவசம். படத்தைப் போட்டால் முதலில் கணினி ஒரு ஊகம் சொல்லும். அதை அப்படியே நம்ப வேண்டாம், தெரிந்த மனிதர்கள் வந்து சரிபார்க்கும்வரை பொறுங்கள். தென்னாப்பிரிக்காவில் இது ஊர்த் திருவிழா மாதிரி நடக்கிறது. 2019இல் நகரங்களுக்கிடையிலான போட்டியில் கேப்டவுன் மக்கள் நான்கே நாளில் 53,000க்கு மேற்பட்ட பதிவுகளைப் போட்டு முதலிடம் வந்தார்கள். பதுளையிலிருந்து எத்தனை பதிவு இருக்கிறது என்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள், எல்லப் பாலத்துக்குப் படமெடுக்கப் போன வெளிநாட்டவர் எடுத்ததைக் கழித்துவிட்டு. செத்துக் கிடக்கும் பூச்சி என்றால் பக்கத்தில் பத்து ரூபாக் குத்தி ஒன்றை வைத்து எடுங்கள், அளவு தெரியும். முதுகு, பக்கவாட்டு, முகம் என்று மூன்று படம். இறக்கை உடம்போடு எப்படி மடிந்திருக்கிறது என்பது தெரிந்தால் நல்லது. உடம்பில் ரோமம் இருக்கிறதா என்று பாருங்கள், தேனீக்கு இருக்கும், குளவி பெரும்பாலும் பளபளப்பாக இருக்கும். கூட்டைத் தூரத்திலிருந்து சூம் பண்ணி எடுத்தால் போதும், நல்ல படம் வேண்டியதில்லை. சென்ட் பூசிக்கொண்டு போகாதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

படம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் லயத்தில் கொட்டு வாங்கிய பெரியம்மா ஒருவர் இருப்பார். அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள், கூடு எப்படி இருந்தது, கொடுக்கு நின்றதா, என்ன வாசம் அடித்தது, எந்த மரம், எந்த மாதம். தேதி நினைவில்லாவிட்டால் ஆடிப் பூசைக்கு முன்னமா பிறகா என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள்.

இப்போது ஊவாக் காற்று தொடங்கிவிட்டது. நல்ல தேயிலைக்குப் பேர்போன மாதங்கள். எங்கள் நோட்டில் கடைசியாக எழுதிய வரி இது: மேல் மலை, கானுக்குப் பக்கத்து டர்பன்டைன், இரண்டாவது கிளை, கீழ்ப்பக்கம் பழைய மெழுகுத் தழும்பு இரண்டு, தேனீ இல்லை. அந்த மலைக்கு அடுத்த ரவுண்டு கொழுந்துக்குப் போவது வருகிற செவ்வாய்க்கிழமை. திங்கள் பின்னேரம் போய் மறுபடி பார்க்க வேண்டும், ஆட்டோக்காரன் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.